அரிய புற்றுநோயாளிக்குத் துணைநின்று பேசுவது: ஏற்காட்டிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மேஸ்திரியாக இருக்கும் உங்கள் தாய்மாமாவுக்கு இரைப்பையில் ‘ஜிஸ்ட்’ என்னும் அரிய வகைப் புற்றுநோய் இருந்ததாகவும், சேலத்தில் அறுவை சிகிச்சை முடிந்து இமாட்டினிப் மாத்திரை தினமும் சாப்பிடச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே நோய் வந்த இன்னொருவரை நீங்கள் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. மருத்துவம் படிக்காத உங்களால் அவருக்காக ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் பேச முடியுமா, சேலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு குழு அமைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. இரண்டும் முடியும். சேலத்து ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளோடு பல ஆண்டுகளாகப் போய்வருகிறவன் என்ற முறையில், எங்கே தொடங்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். துணைநிற்பவர் செய்ய வேண்டிய வேலை எவ்வளவோ இருந்தாலும் இரண்டு காரியங்கள் தவறிவிட்டால் மற்றவை பயன்படாது. மாமாவின் கட்டியிலிருந்து எடுத்த துண்டும் அறிக்கைகளும் இந்தக் கட்டியை அடிக்கடி பார்க்கும் ஒரு மருத்துவரின் கண்ணில் பட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது.

முதலில், மாமா தனி ஆள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோயை அரியது என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வகைகள் ஏறக்குறைய 200 இருப்பதால், எல்லாவற்றையும் கூட்டினால் அங்கே புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுவோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதோ ஓர் அரிய வகையே வருகிறது. ஜிஸ்ட் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வருவதாக வெளிநாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 34.8 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த விகிதத்தை இங்கே வைத்துப் பார்த்தால் நம் மாவட்டத்தில் மட்டும் ஆண்டுதோறும் 35 முதல் 50 பேருக்கு இந்நோய் புதிதாக வர வேண்டும். அவர்களில் ஒருவர் அடையாறுக்குப் போகிறார், ஒருவர் வேலூருக்கு, ஒருவர் கோவைக்கு, இன்னொருவர் சேலத்திலேயே தனியார் ஆஸ்பத்திரிக்கு. ஒரே தெருவில் இருந்தாலும் ஒருவரையொருவர் அறியாமல் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குழு தேவைப்படுவது இதனால்தான்.

இந்த நோயின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உங்களுக்குத் தைரியம் தரும். 1998 வரை இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றைக் குடல் தசையில் வந்த கட்டி என்றே எழுதிவந்தார்கள். சாதாரணக் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் அது பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. அந்த ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த ஹிரோட்டாவும் அவருடைய குழுவினரும், இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் ‘கிட்’ என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்று காட்டினார்கள். 2000 மார்ச்சில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில், வேறு வழியே இல்லாத நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, இரத்தப் புற்றுநோய்க்காகச் சோதனையில் இருந்த இமாட்டினிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டிகள் சுருங்கின. 2002 பிப்ரவரியில் அமெரிக்கா இந்த நோய்க்கு அம்மருந்தை அங்கீகரித்தது. அந்தச் சோதனைகளில் சேர்ந்திருந்த நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் மின்னஞ்சலில் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, யாருக்கு எந்த அளவு மருந்து, யாருக்கு என்ன பக்கவிளைவு என்று குறித்துவைக்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து 2002-இல் ‘லைஃப் ராஃப்ட் குரூப்’ என்னும் அமைப்பு உருவாயிற்று. அதைத் தொடங்கியவர்களில் பலர் உங்களைப் போல மருத்துவம் படிக்காதவர்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. இம்மருந்தை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம் அதன் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் மனுச் செய்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். அதை எதிர்த்து நின்றவர்களில் மருந்து நிறுவனங்களோடு, மும்பையில் 1969-இல் தொடங்கப்பட்ட ‘கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன்’ என்னும் நோயாளிகள் அமைப்பும் இருந்தது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மனுவை நிராகரித்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, பின்னர் மேல்முறையீட்டு வாரியத்தைக் கடந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பழைய மருந்தின் புதிய வடிவம் அதனினும் கூடுதலாகக் குணம் தருகிறது என்று நிரூபித்தால்தான் காப்புரிமை என்று சொல்லும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு நிலைத்தது. அந்த நாளில் மூல நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். இன்று விலை அதைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. உங்கள் மாமாவின் கைக்கு அந்த மாத்திரை எட்டியதில் நோயாளிகள் அமைப்பு ஒன்றுக்குப் பங்குண்டு என்பதை அவரிடமே சொல்லுங்கள். ஏழை நோயாளிகளுக்கு மருந்து நிறுவனத்தின் இலவச வழங்கலைக் கொண்டுசேர்த்த ‘மேக்ஸ் ஃபவுண்டேஷன்’, அதைச் சார்ந்து இந்தியாவில் விஜி வெங்கடேஷ் முன்னின்று வளர்த்த ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’ என்னும் நோயாளர் குழு ஆகிய இரண்டையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஜிஸ்ட் வந்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதல் வேலை பயாப்ஸி ரிப்போர்ட்டை ஒருமுறை நிதானமாகப் படிப்பது. அறுவைக்குப் பின் வந்த ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, அது இருந்த இடம், செல்கள் பிரியும் வேகத்தைக் காட்டும் மைட்டோசிஸ் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அறுவையின்போதோ அதற்கு முன்போ கட்டி உடைந்ததா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியிலோ அறுவைக் குறிப்பிலோ பார்க்க வேண்டும். நோய் திரும்ப வரும் அபாயத்தை மருத்துவர் கணக்கிடுவது இந்த நான்கையும் வைத்துத்தான். சிடி117, டி.ஓ.ஜி.1 என்ற இரண்டு சாயச் சோதனைகளின் முடிவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதேனும் விடுபட்டிருந்தால், ‘டாக்டர், மைட்டோசிஸ் எண்ணிக்கை ரிப்போர்ட்டில் இல்லையே, கேட்டுப் பெறலாமா?’ என்று பணிவாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் வருத்தப்பட மாட்டார். பலர், கேட்டதற்கு நன்றி சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பிளாக். எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்திருப்பார்கள். தட்டின் விளிம்பில் பென்சிலாலோ அச்சிலோ ஓர் எண் இருக்கும். வேறு ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்கோ மரபணுச் சோதனைக்கோ அந்தப் பிளாக்கைத்தான் கேட்பார்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. நோயாளி கையெழுத்திட்ட கடிதத்தோடு பரிசோதனைக்கூடத்தில் கேட்டுப் பெற வேண்டும். கவுன்ட்டரிலேயே நின்று, தட்டின் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் அதை பைக் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். கைப்பையில் நிழலாகக் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் மீதியைத் திரும்பக் கேட்டு வாங்கிவைப்பதும் துணைநிற்பவரின் பொறுப்பே. மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இரண்டாவது மருத்துவக் கருத்துப் பெறுவது நோயாளியின் உரிமை என்பதைத் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனமும் ஏற்றிருக்கிறது. சட்டத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. அது இருக்கிறது என்று தெரிந்தாலே குரலில் ஒரு நிதானம் வந்துவிடும்.

மரபணுச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் விடுபட்டுப்போகிறார்கள். கிட் மரபணுவில் 11-ஆம் எக்சான் என்னும் பகுதியில் மாற்றம் உள்ளவர்களே பெரும்பான்மை. அவர்களுக்கு வழக்கமான 400 மில்லிகிராம் இமாட்டினிப் நன்றாக வேலை செய்கிறது. 9-ஆம் எக்சானில் மாற்றம் இருந்து, நோய் பரவியும் இருந்தால் கூடுதல் அளவு தருவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்னும் இன்னொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தாலோ இமாட்டினிப் பயன்படுவதே இல்லை. அவர்களுக்கென்று அவாப்ரிட்டினிப் என்ற மருந்தை 2020 ஜனவரியில் அமெரிக்கா அங்கீகரித்தது. இந்த வகை மாற்றம் பெரும்பாலும் இரைப்பைக் கட்டிகளில் காணப்படுவதால் உங்கள் மாமாவின் விஷயத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. விளக்கம் சொல்வது உங்கள் வேலை அல்ல. ‘மரபணுச் சோதனை செய்தாயிற்றா, எந்த எக்சான்?’ என்று கேட்டு, வரும் பதிலைத் தேதியோடு எழுதிவைப்பது உங்கள் வேலை. சோதனை இங்கே நடக்காவிட்டால் எங்கே அனுப்பலாம் என்று கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா மெமோரியல் போன்ற பெரிய மையங்கள் இந்தக் கட்டியை நிறையப் பார்த்தவை. 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு இப்படிப்பட்ட மையங்களை ஒன்றாக இணைத்திருக்கிறது. ஒருமுறை அங்கே காட்டிக் கருத்துப் பெற்றுக்கொண்டு, மாதாந்தரச் சிகிச்சையைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, இப்போது பார்க்கும் மருத்துவரிடமோ தொடர்வதே மலைக்குடும்பங்களுக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. ஒவ்வொரு மாதமும் சென்னைக்குப் போய்வருவது என்று ஆரம்பிக்கிறவர்கள் பாதியிலேயே களைத்து நின்றுவிடுகிறார்கள்.

இனி மாத்திரை. அறுவைக்குப் பிறகு நோய் திரும்பாமலிருக்கத் தருகிறார்களா, எடுக்க முடியாமல் மிஞ்சிய நோய்க்காகத் தருகிறார்களா என்பதை முதலில் கேட்டுத் தெளியுங்கள். திரும்பும் அபாயம் அதிகம் உள்ளவர்களில், ஓராண்டு சாப்பிட்டவர்களைவிட மூன்றாண்டு சாப்பிட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்ததை 2012-இல் வெளியான ஸ்காண்டிநேவிய-ஜெர்மன் ஆய்வு காட்டியது. ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் மூன்றாண்டுக் குழுவில் 92 சதவீதம், ஓராண்டுக் குழுவில் 82 சதவீதம். பரவிய நோய் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் வரை மருந்தை நிறுத்துவதே இல்லை. நன்றாக இருந்தவர்களுக்கு இடையில் நிறுத்திப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில் பெரும்பாலோருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. ஆகவே ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மாமா மாத்திரையை விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மலையில் இதற்கு வேறு காரணங்களும் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருந்து வாங்கக் கீழே இறங்க மனம் வராது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். கையில் குறைந்தது பதினைந்து நாள் மாத்திரை இருப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாத இருப்பு வேண்டும். ஒரே நிறுவனத்தின் மாத்திரையையே தொடர்ந்து வாங்குவது குழப்பத்தைக் குறைக்கும். மாற்ற நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், இரவில் கெண்டைக்காலில் குரக்கு, அவ்வப்போது வயிற்றுப்போக்கு ஆகியவை பலருக்கும் வரும். நம் நிறத்து மக்களுக்கு முகமும் கையும் வெளுப்பதும் உண்டு. அம்மாபேட்டையில் தறி நெய்யும் ஒருவருக்கு அப்படி வெளுத்தபோது, வெண்குஷ்டம் என்று பக்கத்து வீட்டார் பேசத் தொடங்க, அவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும், தொடர்ந்தாலும் தோல் வெளுப்பு உடம்புக்குக் கெடுதல் இல்லை என்ற ஒரு வாக்கியத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இடைவெளி வந்திருக்காது. பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம், அந்தப் பயத்தைப் போக்க நீங்கள் அருகில் இருப்பது உதவும்.

ஸ்கேன் பற்றி ஒரு எச்சரிக்கை. மருந்து வேலை செய்யும்போது இந்தக் கட்டி உள்ளே நீர்த்துப்போய், அளவில் குறையாமலும், சில நேரம் கொஞ்சம் பெரிதாகவும் தெரியலாம். அளவை மட்டும் பார்த்து ‘கட்டி வளர்ந்திருக்கிறது’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் வீடே இடிந்துபோகும். கட்டியின் அடர்த்தி குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் முறை இதற்கென்றே உண்டு. எனவே பழைய ஸ்கேனின் படங்கள் உள்ள சி.டி. தகடு கையில் இல்லாமல் புதிய ஸ்கேனுக்குப் போகாதீர்கள். அடர்த்தியை ஒப்பிட்டுச் சொல்லும்படி கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை மாமாவிடம் இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பிறகு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம் என்பதுதான் பாதை. தினசரி மாத்திரைக்கு அது எந்த அளவு உதவும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேளுங்கள். மக்கள் மருந்தகத்து விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னைக்குப் போகும்போது, ஆஸ்பத்திரி தரும் சலுகைப் படிவத்தைக் காட்டினால் ரயிலில் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பில் கட்டணம் இல்லை, உடன்போகிறவருக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலை ஓ.பி.க்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்று இருக்கிறது. மாமாவுக்குத் தம் நோய் என்னவென்று தெரியுமா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. ‘வயிற்றில் கட்டி, எடுத்தாயிற்று’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அன்பால்தான் அப்படிச் செய்கிறார்கள், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் எதற்கென்று தெரியாத மாத்திரையை மூன்றாண்டு யாரும் விடாமல் சாப்பிட மாட்டார்கள். அவருக்குத் தெரியாமல் அவருடைய தாள்களை ஊரெல்லாம் அனுப்புவதும் முறையல்ல. அத்தையையும் உட்காரவைத்துக்கொண்டு, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். மருத்துவரின் அறையில் மாமா பேசி முடித்த பிறகே நீங்கள் பேசுங்கள்.

குழுவைப் பற்றி: ஜிஸ்டுக்கு மட்டும் என்று சேலத்தில் தொடங்கினால் ஆள் சேராது. அரிய புற்றுநோய் எதுவானாலும் வரலாம் என்று வையுங்கள். பிளாக்கும் காப்பீடும் ரயில் படிவமும் எல்லோருக்கும் பொதுவானவைதாமே. உங்கள் மருத்துவரிடம் சொல்லி, விருப்பமுள்ள நோயாளிகள் அவர்களாகவே உங்களை அழைக்கும்படி ஒரு துண்டுச்சீட்டை வைக்கச் சொல்லுங்கள். நோயாளிகளின் எண்களை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். எந்த மருந்து நல்லது என்று குழுவில் யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது, யாருடைய ரிப்போர்ட்டும் அவர் அனுமதியின்றி வாட்ஸ்அப்பில் போகக் கூடாது, பண வசூல் கூடாது என்ற மூன்று கட்டுப்பாடுகளை முதல் நாளே வையுங்கள். மருந்து நிறுவனம் உதவ முன்வந்தால் அதை எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட்டே ஏற்க வேண்டும். சிகிச்சை இனிப் பயன்படாது என்ற நிலைக்கு வந்தவர்களையும் குழுவிலிருந்து நழுவ விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணப் பராமரிப்புத் தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் போதும்.

கூட்டத்தை ஞாயிறு முற்பகலில், பழைய பஸ் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வையுங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் மதியமே பஸ் ஏறிவிட வேண்டும். அதற்கு முன், மாமா சம்மதித்தால், பிளாக் கேட்கும் கடிதத்தை அவர் கையெழுத்தோடு எழுதி, பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் தகடு, மாத்திரைச் சீட்டு நான்கையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் அடுக்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உங்களிடமும் இன்னொன்றை அத்தையிடமும் வைத்துவிடுங்கள்.